கினியாவுக்கும் அன்று விடுமுறை

சுவீடன் நாட்டின் தேசிய தினத்தன்று, மதியச் சாப்பாட்டு வேளையில்தான் முத்துச்செல்விக்கு ஆலையில் ஒரு பெயர் கிடைத்தது.

ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டும் ஆலை அது. கையுறை போடாமல் லைனில் நிற்காதீர்கள் என்பதைத் தவிர அந்தக் கேன்டீன் ஒலிபெருக்கி அதுவரை வேறெதுவும் பேசியதில்லை. சாப்பிடும்போதாவது பிள்ளைகள் சிரிக்கட்டும் என்று மனிதவளப் பிரிவின் சந்திரலேகா மேடம்தான் சித்திரையில் அதில் ஒரு மூன்று நிமிட நிகழ்ச்சியை ஆரம்பித்து வைத்தார். தேசிய தினம் கொண்டாடும் ஒரு நாடு, ஒரு ஜோக், ஒரு பாட்டுக் கேள்வி. தடுமாறாமல் வாசிக்கிற குரல் வேண்டுமென்று நாலைந்து பேரைப் பேசச் சொல்லிப் பார்த்துவிட்டு முத்துச்செல்வியைப் பிடித்தார்கள்.

தேசிய தினம் என்றால் கேட்பார்களா என்று மேடத்துக்கே சந்தேகம் இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்து ஆலைகளில் பிற நாட்டு விடுமுறைகள் பொது அறிவு அல்ல, பிழைப்பு. சீனப் புத்தாண்டு வந்தால் கனெக்டர் வராது, லைன் படுத்துவிடும். கிறிஸ்துமஸுக்கு ஜெர்மன்காரர்கள் மூட்டை கட்டுவதற்கு முன் இங்கே மூன்று ஷிப்டும் பறக்கும். அடுத்த தீபாவளி எந்தக் கிழமை என்று கேட்டால் விழிக்கிறவர்கள், கொரியாவில் அறுவடைப் பண்டிகை எந்த வாரம் என்று கேட்டால் கையைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.

அன்று சுவீடன். அந்த நாட்டின் புகழ்பெற்ற நால்வர் இசைக்குழு, தங்கள் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்துக் குழுவுக்குப் பெயர் வைத்தபோது, அதே பெயரில் அங்கே ஒரு டப்பா மீன் கம்பெனி இருந்ததாம். கம்பெனியிடம் கேட்டுத்தான் பெயரை வைத்துக்கொண்டார்களாம். எழுதிக் கொடுத்தது அவ்வளவுதான். முத்துச்செல்வி தாளிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, “நம்ம கேன்டீன் மீன் குழம்புகிட்ட பேரு கேட்டு யாரும் வரமாட்டாங்க, பயப்படாம சாப்பிடுங்க” என்றாள். கேன்டீன் முழுக்கத் தட்டுகளைத் தட்டியது. அன்றிலிருந்து அவள் ‘மூணு நிமிஷம்’ செல்வி.

மீன் குழம்புக் கதையையும் அந்தப் பெயரையும் அவள் அன்று இரவே கணவனுக்குச் சொன்னாள். நேரில் அல்ல, குரல் பதிவில்.

மணிகண்டபிரபுவுக்குப் பிள்ளைப்பாக்கத்தில் ஜப்பான்காரர்களின் பிரேக் ஆலையில் வேலை. அவனுக்கு ஞாயிறு வார விடுமுறை, அவளுக்குப் புதன். ஷிப்டும் இருவருக்கும் வாராவாரம் வெவ்வேறு திசையில் சுழன்றது. கார்த்திகையில் கல்யாணம் முடிந்து சுங்குவார்சத்திரத்தில் ஒற்றை அறையும் சமையல் மூலையுமாக ஒரு வீடு பிடித்துக் குடிவந்த இந்த மாதங்களில், அவர்கள் ஒருவரையொருவர் அறிந்ததெல்லாம் தடயங்களால்தான். அவன் துண்டு எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்பதைத் தொட்டு, எப்போது கிளம்பியிருப்பான் என்று அவளால் சொல்ல முடியும். குழம்பில் முருங்கைக்காயை மட்டும் விட்டுவைத்தால் அவனுக்கு அலுப்பான நாள். தலையணையை மடித்து வைத்திருந்தால் அவளை நினைத்துக்கொண்டு கிளம்பினான் என்று அர்த்தம். இதை அவளாகவே வைத்துக்கொண்டாள். கேட்டு உறுதி செய்ததில்லை.

தடயங்களைத் தவிர இருந்தது குரல் பதிவு. அதில் அவன் வேறு ஆள்.

தான்சானியாவுக்கான நாளில் அவள் ஒரு பாடகரைப் பற்றிச் சொன்னாள். ஜான்சிபாரில் பிறந்து, மகாராஷ்டிரத்து மலையூர் ஒன்றில் விடுதியில் தங்கிப் படித்து, லண்டன் போய் உலகத்தையே எழுந்து நிற்க வைத்தவர். அன்று மாலை அவன் பதில் வந்தது. “நாமளும் சங்கரன்கோயில்ல பொறந்து, தென்காசில படிச்சு, பிள்ளைப்பாக்கத்துல வந்து பிரேக் மாட்டுதோம். நடுவுல எங்கயோ ஒரு பஸ்ஸ விட்டுட்டோம் போலயே செல்வி.” ஆகஸ்டில் ஜப்பானின் மலை நாள் வந்தபோது, “மலைக்கு ஒரு லீவு, கடலுக்கு ஒரு லீவு குடுத்துருக்காங்க. எங்க சூப்பர்வைசர்ட்ட கேட்டுட்டேன், கெணத்துக்காவது அரை நாள் தாங்கன்னு” என்றான். உலகத்தில் பாதி நாடுகள் யாரிடமிருந்து விடுதலை வாங்கிய நாளைக் கொண்டாடுகின்றனவோ அந்தப் பிரிட்டனுக்குச் சட்டப்படி ஒரு தேசிய தினமே கிடையாது என்று அவள் சொன்னதற்கு, “பந்தி பூரா விளம்பிட்டு அவன் மட்டும் பட்டினியா, பாவம்” என்று வந்தது.

இவற்றையெல்லாம் கம்பெனி பஸ்ஸில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்பாள். உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்குவாள். ஜன்னலுக்கு வெளியே பாதி ஏரி, பாதி கட்டடம் என்று போய்க்கொண்டே இருக்கும். அந்தக் குரல் காதுக்கு வெகு அருகில் வந்து, கொஞ்சம் குனிந்து பேசுவதுபோல இருக்கும்.

நேரில் அந்தக் குரல் வராது.

இருவருக்கும் ஒன்றாக விடுமுறை என்பது சட்டம் கொடுத்த தேசிய விடுமுறைகளில் மட்டும்தான். குடியரசு தினத்தன்று அவன் சித்தப்பா குடும்பம் வந்து உட்கார்ந்துவிட்டது. மே தினத்தன்று இருவரும் அடித்துப் போட்டதுபோலத் தூங்கினார்கள். ஆகஸ்ட் பதினைந்துதான் மறக்க முடியாதது.

அதற்கு முந்தைய நாள் அவள் கேன்டீனில் லிக்டன்ஸ்டைன் பற்றிச் சொல்லியிருந்தாள். நமக்கும் அவர்களுக்கும் ஒரே நாளில் தேசிய தினம். குட்டி நாடு. அன்றைக்கு இளவரசரே மக்களைத் தன் கோட்டைத் தோட்டத்துக்கு அழைத்துக் குடிக்கக் கொடுப்பாராம். உடனே அவனிடமிருந்து பதிவு. “நம்மகிட்ட கோட்டை இல்ல, தோட்டம் இல்ல, பூந்தொட்டி கூட இல்ல. ஆனா மொட்டை மாடி இருக்கு. நாளைக்குச் சாயங்காலம் அங்கன விருந்து. இளவரசி கண்டிப்பா வரணும்.” அவள் அதை எத்தனை தடவை கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் காலையில் எழுந்து தலைக்குக் குளித்தாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் பார்க்கும்போது அவள் அடுப்பைப் பார்த்தாள்.

“டீ போடட்டா?”

“ஒனக்கு வேணும்னா போடு.”

போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை போட்டாள். பகல் நகர நகர டீ மட்டும் வந்துகொண்டே இருந்தது. சாயங்காலம் அவன் எழுந்து வாசல் வரை போனான். திரும்பி வந்தான். மாடிப்படி வாசலுக்கு வெளியேதான் இருந்தது. அவள் அடுப்பை அணைத்தாள். அவன் செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, “நாளைக்கு ஒனக்குக் காலைல ஏ ஷிப்டா?” என்றான். அவனுக்குத் தெரியாததல்ல.

அடுத்த வாரம் அரிசி டின்னை நகர்த்தியபோது பின்னால் இரண்டு பன்னீர் சோடா பாட்டில்கள் இருந்தன. திறக்காதவை. அவள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்து, டின்னையும் பழையபடி நகர்த்தி வைத்தாள். கேட்கலாம். கேட்டால் என்ன சொல்வான்? மறந்துட்டேன் என்று சொல்லிவிட்டால்? அந்த ஒரு வார்த்தையில் பஸ்ஸில் அவளோடு பேசும் ஆள் செத்துப்போவான். அப்புறம் அவளுக்கு மிஞ்சுவது மின்விசிறியைப் பார்க்கிற ஆள் மட்டும்தான்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. லைனில் வயர்க் கொத்தின் மேல் கறுப்பு டேப் சுற்றுவதுதான் அவள் வேலை. பலகை நகர்ந்துகொண்டே வரும், கை சுற்றிக்கொண்டே இருக்கும். இப்போது வேலை முடிந்த பிறகும் விரல்கள் நிற்கவில்லை. துப்பட்டா நுனியைச் சுற்றின. தலையணை உறை முனையைச் சுற்றின. தூங்குகிறவனின் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் பேசுகிறவன், இங்கே தூங்குகிறவன், இவர்களில் யார் என் புருஷன் என்று யோசித்தாள். யோசிக்க வெட்கமாகவும் இருந்தது. பதில் தெரிந்துவிடுமோ என்றும் இருந்தது. காலண்டரில் அக்டோபர் இரண்டு ஒவ்வொரு நாளாக அவளை நோக்கி வந்தது.

செப்டம்பர் கடைசியில் சந்திரலேகா மேடம் கூப்பிட்டு அனுப்பினார்.

“செல்வி, காந்தி ஜெயந்திக்கு ஒரு லைன் ஓட்டணும். கப்பல் தேதி மாறிடுச்சு. கட்டாயம் இல்ல, விருப்பப்பட்டவங்க மட்டும் வரலாம், பதிலுக்கு வேற நாள் லீவு. உன் மூணு நிமிஷத்துல சொல்லிடேன். உன் குரல்ல சொன்னா யாருக்கும் கோபம் வராது.”

“எப்படிச் சொல்லணும் மேடம்?”

“சிரிச்சுகிட்டே.”

அன்று மதியம் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். கேன்டீன் சிரிக்கவில்லை. தட்டைக் கழுவுமிடத்தில் ஜெயம் அவளைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைப்பாக்கத்துக்காரி, நாற்பதைத் தாண்டியவள், அவளுக்கு அடுத்த பலகையில் நிற்பவள்.

“இன்னாடி, ஊர்ல கீற நாட்டுக்கெல்லாம் லீவு சொல்லிகினு இருந்தே. எங்களுக்குன்னு வந்தா வேலையா சொல்றே?”

“நான் என்னக்கா செய்ய? சொல்லச் சொன்னாங்க.”

“செரி, யாருனா பேரு குட்த்தாங்களா?”

“ஒருத்தர் குடுத்துருக்காங்க.”

“யாரது அந்த மகராசி?”

முத்துச்செல்வி தட்டைத் திருப்பித் திருப்பிக் கழுவினாள். “நாந்தான்.”

ஜெயம் குழாயை மூடினாள். “உனுக்கு இன்னா பைத்தியமா? வருசத்துக்கு நாலு நாளு புருசன் மூஞ்சிய பாக்குறே. அதுலயும் ஒண்ண கம்பெனிக்கு குட்த்துட்டியா? சண்டையா?”

“சண்டை போட்டாதான் பரவால்லயேக்கா.”

ஜெயம் தன் தட்டைக் கவிழ்த்து வைத்தாள். “நானும் வரேன்னு சொல்லிடு. அன்னிக்கு என் நாத்தனாருங்க மூணும் வருதுங்க. அதுங்களுக்கு வடிச்சிக் கொட்றதுக்கு லைனே தேவல.”

வீட்டில் முத்துச்செல்வி எதையும் சொல்லவில்லை. அந்த வாரம் அவனுக்கு இரவு ஷிப்ட். அக்டோபர் ஒன்று இரவு போனால் இரண்டாம் தேதி காலை ஏழு மணிக்குமேல் வந்துவிடுவான். அதன்பின் முழு நாள் அவனுக்கு வீட்டில். அவள் அதற்கு முன் கிளம்பி, பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரு பதிவு அனுப்பிவிடலாம். திடீரென்று கூப்பிட்டுவிட்டார்கள் என்று. பொய்தான். ஆனால் குரல் பதிவில் பொய் சொல்வது அவ்வளவு கஷ்டமில்லை. வேண்டாம் என்றால் அழித்துவிட்டு வேறு மாதிரி சொல்லலாம்.

இரண்டாம் தேதி காலை தோசைக்குச் சட்னி அரைத்து மூடி வைத்தாள். நீல சீருடையைப் போட்டாள். கதவைப் பூட்டும்போது திருட்டுத்தனம் செய்வதுபோல மெதுவாகப் பூட்டினாள், உள்ளே யாருமே இல்லாத வீட்டை.

சுங்குவார்சத்திரம் நெடுஞ்சாலை என்றைக்கும் இல்லாத அளவுக்கு வெறிச்சென்று கிடந்தது. வழக்கமாக வரிசையாக நிற்கும் கம்பெனி பஸ்களில் ஒன்றிரண்டுதான். வெயில் வந்துவிட்டது. அவள் நிறுத்தத்தின் தூண் நிழலில் நின்று போனை எடுத்தாள்.

“ஏங்க, திடீர்னு வரச் சொல்லிட்டாங்க...” அழித்தாள். மூச்சு வாங்குவது கேட்டது. “ஏங்க, ஒண்ணு சொல்லணும். இன்னைக்கு லைன் ஓடுதாம்...” அதையும் அழித்தாள். சிரித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தாள். அது மேடத்துக்காகக் கேன்டீனில் சொன்ன மாதிரி இருந்தது. அழித்தாள்.

அப்போதுதான் எதிர்ப்புறம் டீக்கடையில் அவனைப் பார்த்தாள்.

மணிகண்டபிரபு பெஞ்சின் ஓரத்தில், சாம்பல் நிறச் சீருடையில், மடியில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாலை வெறிச்சென்று கிடந்ததில் அவன் பஸ் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்து அவனை இறக்கிவிட்டிருக்க வேண்டும். பக்கத்தில் இரண்டு காலி கிளாஸ். வீடு அங்கிருந்து நடந்துபோகும் தூரம்தான். அவன் போகவில்லை.

அவன் போனை வாய்க்கருகே வைத்து ஏதோ பேசினான். நிறுத்தினான். தலையை ஆட்டினான். கட்டை விரலால் திரையை ஓரத்துக்குத் தள்ளினான். அந்த விரலசைவு அவளுக்குத் தெரியும். இந்த நிமிடம்வரை அவள் செய்துகொண்டிருந்ததும் அதுதான். மறுபடி பேசினான். இப்போது கையை வேறு ஆட்டிப் பேசினான், எதிரே ஆள் நிற்பதுபோல. அழித்தான். கண்ணை மூடிக்கொண்டான். உதடு மட்டும் அசைந்தது, மனப்பாடம் செய்கிற மாதிரி. பிறகு வெகு சாதாரணமாக, எந்த முயற்சியுமே இல்லாததுபோலப் பேசி முடித்துப் போனை இறக்கினான்.

அவள் கையில் போன் அதிர்ந்தது.

“செல்வி, நைட்டு மெஷின் ஒண்ணு மக்கர் பண்ணிட்டு. பஸ்ஸு இன்னும் எடுக்கல. கம்பெனிலதான் நிக்கேன். வர லேட்டாவும், நீ சாப்டுரு. எங்க மெஷினு காந்தி கட்சில சேந்துருச்சு, ஒத்துழைக்க மாட்டேங்கு.”

கடைசி வரியில் வழக்கம்போல அந்தக் குனிந்த குரல். அவளுக்குச் சிரிப்பு வந்தது. மலைக்கு ஒரு லீவு, கெணத்துக்கு அரை நாள். இளவரசி கண்டிப்பா வரணும். எல்லாவற்றையும் இப்படித்தான் சொன்னானா? ஏதோ ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை மூடி, உதட்டை அசைத்துப் பார்த்துவிட்டு? அவள் தேடிக்கொண்டிருந்த ஆளை, விசிறியைப் பார்க்கிற ஆள்தான் உட்கார்ந்து உட்கார்ந்து செய்திருக்கிறான்.

சாலையைக் கடந்து போய்விடலாம். ஆனால் அவளுக்கு இன்னும் ஒன்று தெரியவேண்டியிருந்தது. தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்றும் மனம் சொன்னது. போனை எடுத்து, அழிக்காமல், ஒரே மூச்சில் சொன்னாள்.

“ஏங்க, என்னையத் திடீர்னு கூப்ட்டுட்டாங்க. இன்னைக்கு எனக்கு வேலை. சாயங்காலம்தான் வருவேன்.”

அனுப்பிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். நிம்மதி தெரிந்தால் பஸ் ஏறிவிடுவது என்று நினைத்தாள்.

அவன் போனைக் காதில் வைத்தான். முதலில் முகத்தில் ஒன்றுமில்லை. இறக்கினான். மறுபடி காதில் வைத்தான். மறுபடி கேட்டான். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தான், பெரிய சுமையை இறக்கி வைத்தவன்போல. நிம்மதிதான்.

ஆனால் அவன் எழுந்திருக்கவில்லை. நிமிர்ந்த முதுகு மெல்ல மெல்லப் பழையபடி வளைந்தது. மடியிலிருந்த சாப்பாட்டுப் பையின் வாயைத் திறந்தான். உள்ளேயிருந்து செய்தித்தாளில் சுற்றிய எதையோ எடுத்தான். தாளை விலக்கினான். மல்லிகை. அதைப் பார்த்தான். சுற்றிப் பையில் வைத்தான். டீக்கடைக்காரரிடம் எதையோ கேட்டு, வேண்டாம் என்று கையசைத்தான். பிறகு போனில் எதையோ தேடித் திரும்பவும் காதில் வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து இடது கையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டான். தோள்கள் குலுங்கின. அழுகிறானோ என்று பதறினாள். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தான். பழைய பதிவு ஒன்றைக் கேட்கிறான். அந்த மீன் குழம்புப் பதிவாக இருக்கும்.

சிரிக்கும்போது இவன் மூக்கைப் பொத்துவான் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது.

அவளுடைய பஸ் வந்து நின்றது. ஜன்னல் வழியாக ஜெயம் தலையை நீட்டினாள்.

“ஏறுடி. இன்னா மரம் மாதிரி நின்னுகினு கீறே?”

“நான் வரலக்கா.”

“அடிப்பாவி. பேரு குட்த்ததே நீதானே.”

“மேடத்துகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீங்க போங்க.”

ஜெயம் அவள் பார்வை போன திசையைப் பார்த்தாள். டீக்கடைப் பெஞ்சைப் பார்த்தாள். “அந்த சாம்பல் சட்டையா?” என்றாள். பதிலுக்குக் காத்திராமல் டிரைவர் பக்கம் திரும்பி, “எடுண்ணா, அது வராது” என்றாள்.

பஸ் நகர்ந்ததும் நடுவில் மறைக்க எதுவுமில்லை. அவன் போனை இறக்கிவிட்டு நிமிர்ந்தான். நெடுஞ்சாலையின் அந்தப் பக்கம் தன் மனைவி நிற்பதைக் கண்டான். எழுந்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தபோது காலி கிளாஸ் ஒன்று கீழே உருண்டது. அவள் தடுப்புச் சுவரின் இடைவெளி வரை நடந்து, லாரி ஒன்றைப் போகவிட்டு, கடந்து போனாள்.

அருகில் போய் நின்றதும் இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. ஆகஸ்ட் பதினைந்தைப் போலவே.

“மெஷினு சரியாயிட்டா?” என்றாள் கடைசியில்.

அவன் செருப்பைப் பார்த்தான். “ஒன்னைய வேலைக்குக் கூப்ட்டாங்கல்லா?”

“கூப்பிடல. நானாத்தான் பேர் குடுத்தேன்.”

அவன் தலையாட்டினான். கோபமில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. பஸ் இறங்கியும் வீட்டுக்குப் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்கு ஏன் என்று தெரிந்திருக்க வேண்டும். அவள் விரல்கள் துப்பட்டா நுனியைச் சுற்ற ஆரம்பித்திருந்தன. அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“டேப்பு சுத்துறது இப்படித்தானா?”

“ம்.”

“இவ்வளவு வேகமாவா?”

“லைன்ல இன்னும் வேகம்.”

அவளுக்கு வாய்க்குள் ஒரு வாக்கியம் வந்து நின்றது. சொன்னால் சொன்னதுதான், விரலால் ஓரத்துக்குத் தள்ள முடியாது. குரல் கேன்டீன் குரலாக இல்லை, கரகரத்தது.

“இன்னைக்கு நம்மளத் தவிர வேற எந்த நாட்டுக்கு லீவு தெரியுமா?”

அவன் நிமிர்ந்தான். “எந்த நாட்டுக்கு?”

“கினியா. ஆப்பிரிக்கால இருக்கு. அங்கனயுள்ள ஒரு பாட்டுக்காரரு, இருபத்தொரு நரம்பு உள்ள வாத்தியம் வாசிச்சுப் பாடுவாராம். ஆப்பிரிக்காவுல இருந்து போயி முதமுதலா பத்து லட்சம் வித்த பாட்டு அவருதுதானாம்.”

“கேள்வி என்ன?”

“கேள்விய விட்டுட்டுப் பதிலச் சொல்லிட்டேன்.”

அவன் பதிலுக்கு ஒரு கிண்டலை யோசித்தான். அவள் காத்திருந்தாள். பதிவில் என்றால் இந்த யோசனை தெரிந்திருக்காது, பதில் மட்டும் வந்திருக்கும். இப்போது அவன் நெற்றி சுருங்குவது, ஏதோ சொல்ல வாய் திறந்து மூடுவது, காது சிவப்பது எல்லாம் தெரிந்தது.

“எனக்கு உடனே வராது செல்வி,” என்றான். “கொஞ்சம் நேரம் ஆவும்.”

“ஆவட்டும்.”

அவன் பையைத் தோளில் மாட்டினான். பையிலிருந்து மல்லிகை வாசம் வந்தது. பூவை எடுத்துக் கொடுக்க அவனுக்குத் தோன்றவில்லை, அல்லது கை வரவில்லை. வீட்டுச் சந்து முனை வரைக்கும் ஒன்றாக நடந்தார்கள். முழு நாள் கிடக்கிறது, வெயில்கூட இன்னும் ஏறவில்லை.

மாடிப்படியருகே வந்ததும் அவள் நின்றாள்.

“அரிசி டின்னுக்குப் பின்னால பன்னீர் சோடா கிடக்கே,” என்றாள். “அது யாருக்கு வாங்குனது?”

அவன் மூக்கைப் பொத்திக்கொண்டான். கையை எடுக்கவில்லை.

“கேஸெல்லாம் போயிருக்கும்,” என்றான் கைக்குள்ளிருந்தே.

“போனாப் போவுது,” என்று சொல்லிவிட்டு அவள் பூட்டைத் திறக்கப் போனாள்.